அத்தைக்கு நல்ல தண்ணீர்

அன்புள்ள கணவருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இங்கே நான் சுகம். அத்தை சுகமா என்பதைக் கடிதம் முடிவதற்குள் எழுதிவிடுகிறேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். எடுத்ததும் அம்மாவிடம் கொடு என்கிறீர்கள். கொடுத்த பிறகு அது என் கைக்குத் திரும்புவதில்லை.

நீங்கள் அனுப்பிய தண்ணீர் மெஷின் நன்றாக வேலை செய்கிறது. சமையலறைக் குழாயில் சோப்பு பொங்கிப் பொங்கி நுரைக்கிறது. குளியலறையில் மட்டும் பழைய உப்புத் தண்ணீர்தான். ஷவரின் துளைகள் அடைத்துப்போய், வாளியின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கிறது. துணி துவைப்பதும் அதில்தான். என் விரல்கள் வெடித்து ரத்தம் வருவதைப் படம் எடுத்து அனுப்பினேனே, பதில் வந்ததா? காபி ருசிக்கவில்லை என்று உங்கள் அம்மா ஒரு வார்த்தை சொன்னார், மெஷினே வந்து இறங்கியது. எனக்கு நன்றாகத் தண்ணி காட்டினீர்கள்.

மாட்ட வந்த பிளம்பரிடம் மொத்த வீட்டுக்கும் இணைக்கச் சொன்னேன். அத்தை குறுக்கே வந்து, "சமையலறைக்கு மட்டும் போதும். இவ மூஞ்சிக்கு நல்ல தண்ணி ஒண்ணுதான் குறைச்சல்" என்றார். பிளம்பர் சிரித்துவிட்டார்.

போகும்போது அவர் வாசலில் ஒன்று சொன்னார். இந்த மெஷின் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பை எடுத்துவிட்டு, பதிலுக்கு உப்பின் சத்தை அதில் விடுகிறதாம். நாக்குக்குத் தெரியாதாம். குளிக்க, துவைக்க நல்லது, பிரஷரும் இதய நோயும் உள்ளவர்கள் குடிக்க மட்டும் வேண்டாம் என்றார். ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். "உனக்கு இல்லேன்னதும் எனக்கும் இருக்கக் கூடாது, அதானே?" என்றார். உங்களுக்குப் போன் செய்தேன். "தண்ணியில கூடவா மாமியார் மருமக சண்டை?" என்று வைத்துவிட்டீர்கள். நினைவிருக்கிறதா?

பிறகுதான் டாக்டர், அத்தையின் இதயம் பலவீனமாக இருக்கிறது, உப்பை அறவே நிறுத்துங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் அத்தை உப்பு ஜாடியைத் தூக்கிப் போடச் சொன்னார். குளியலறைக் குழாயைக் காட்டி, அது உப்புத் தண்ணி, வாய் கொப்பளிக்கக்கூட அதைத் தராதே என்றார். இப்போது எல்லாமே சமையலறைத் தண்ணீர்தான். மகன் அனுப்பிய தண்ணி என்று ஜக்கு ஜக்காகக் குடிக்கிறார். நான்தான் பிடித்துக் கொடுக்கிறேன். கேட்டதைக் கொடுக்கவில்லை என்ற கெட்ட பேர் எனக்கு எதற்கு?

மெஷினில் உப்பு கொட்டுவதும் நான்தான். அந்த உப்பு மூட்டையை அத்தை, மெஷினுக்குப் போடுகிற ஏதோ மருந்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வீங்கிய கால்களை அதன்மேல் நீட்டித்தான் உட்காருகிறார்.

நேற்று என்னைப் பார்த்து, "புருஷன் திரும்பிப் பாக்காம இருக்கான், நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் சாப்பிடுறியா?" என்று கேட்டார். இல்லை அத்தை, ஜாடியைத்தான் தூக்கிப் போடச் சொல்லிவிட்டீர்களே என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு மூச்சு வாங்கியது.

இப்போது அவரால் படுக்க முடிவதில்லை, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்குகிறார். டாக்டர், சமையலில் உப்புப் போடுகிறாயா என்று என்னைக் கேட்டார். ஒரு கல்கூடப் போடுவதில்லை என்றேன். உண்மைதானே. தண்ணீரைப் பற்றி அவர் கேட்கவில்லை. வீக்கம் தண்ணீரால்தானா என்று எனக்கு எப்படித் தெரியும், நான் என்ன டாக்டரா?

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அத்தை அந்தத் தண்ணீரை விட்டுவிடுவார். என் வார்த்தை இந்த வீட்டில் எடுபடாது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். இதைச் சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன். வருகிறபோது வரட்டும்.

நீங்கள் என்னைத் தலைமுழுகிவிட்டதாகத் தெருவில் பேசுகிறார்கள். பரவாயில்லை. நீங்கள் இங்கே வந்து நிஜமாகவே தலைமுழுக வேண்டிய நாளில், சமையலறைக் குழாயிலிருந்து உங்களுக்கு ஒரு வாளி பிடித்து வைக்கிறேன். அதில் முடி சிக்காது.

நீங்களாவது நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி