குட்டையாகிப்போன நீலக்கவசன்

கவரைப்பேட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள ஏஞ்சலின் அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளையும் சுகம். போனிலேயே பேசலாம்தான். இருப்பது ஒரே அறை, அவளும் கூடவே இருக்கிறாள். வீடியோ காலில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கும் துணிச்சல் இல்லை. அதனால் மஸ்கட் திரும்பும் பூவராகவனிடம் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே மழை விட்டுவிட்டது. சமையலறை ஷீட்டில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று. ஏஞ்சலினுக்கு அரைப் பரீட்சையில் கணக்குதான் கொஞ்சம் குறைந்துவிட்டது.

அவள் ‘நீலக்கவசன்’ தொடரில் தப்பு கண்டுபிடித்து வீடியோ போடுவது உங்களுக்குத் தெரியும். ஏரியில் குதித்தவன் கரையேறும்போது அங்கி காய்ந்திருக்கும். இடக்கையில் இருந்த வாட்ச் வலக்கைக்குப் போயிருக்கும். அதையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் காட்டுவாள். அதிகம் பேர் பார்த்தது அந்த ஷெட் சண்டையைத்தான். நெட்டையாக உள்ளே போன நீலக்கவசன் குட்டையாக வெளியே வந்து நொண்டி நொண்டி ஓடுவான். “அடிச்ச அடில ஹீரோ அரையடி சுருங்கிட்டாரு. டூப்பு நடக்கறதப் பாருங்க, வாத்து மாதிரி” என்று பேசியிருந்தாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்துச் சோனியா வீட்டில் அந்த நடையை நடந்தும் காட்டினேன்.

போன வாரம் வேன் ஓட்டும் தணிகைவேல் வந்திருந்தார். ஏஞ்சலின் அவரிடமும் அதைக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. “இன்னாம்மா, உங்க அப்பாவையே கலாய்ச்சிக்கினு கீற” என்றார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னார். கும்மிடிப்பூண்டியில் மூடிக் கிடந்த ஷெட்டில் அந்த ஷூட்டிங் நடந்ததாம். கம்பெனியில் ஆள் குறைத்து நீங்கள் வேலையில்லாமல் இருந்தபோது அவர்தான் உங்களை அங்கே சேர்த்துவிட்டாராம். “மேலருந்து குதிச்சப்பவே முட்டி போயிடுச்சி. ஊட்டுக்குப் போலாம்ணான்னு சொன்னேன். இன்னொரு டேக் ஓடிட்டு வந்துர்றேன், மூஞ்சிதான் மூடிக்கினு இருக்குதே, யாருக்குத் தெரியப்போவுதுன்னாரு” என்றார்.

லோடு இறக்கும்போது வழுக்கியது என்று என்னிடம் சொன்னீர்களே, அந்த முட்டி. தினமும் தைலம் தேய்த்துவிட்டவள் நான். அந்த நடை எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

வீடியோவுக்குக் கீழே முதல் ஆளாக நீங்கள் எழுதியதை ஏஞ்சலின் எடுத்துப் பார்த்தாள். “சூப்பர் கண்ணு, கரெக்டா புடிச்சிட்ட.” “தெரிஞ்சேதான் போட்டாராம்மா?” என்று கேட்டாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வீடியோவை அன்றே எடுத்துவிட்டாள். ஆனால் யார் யாரோ அதை எடுத்துப் போட்டு, இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நேற்று புதுவாயல் பஸ் ஸ்டாப்பில் அவள் வகுப்புப் பையன் ஒருவன் எங்களைப் பார்த்ததும் அதே நடை நடந்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவள் நேரே போய், “அது எங்க அப்பாடா. முட்டி போயும் ஓடினாரு” என்றாள். அவன் நடையை நிறுத்திவிட்டு நகர்ந்துவிட்டான். பஸ் வரும்வரை அவள் என் கையை விடவில்லை.

அவனிடம் சொல்ல வந்த வாய் அவளுக்கு உங்களிடம் வரமாட்டேன் என்கிறது. நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் வீட்டுப்பாடம் என்று போனை என்னிடம் தள்ளுவது அதனால்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை அவளையே போனுக்குக் கூப்பிடுங்கள். சிரித்து மழுப்ப வேண்டாம். ஒரு வார்த்தை திட்டிவிடுங்கள், பிள்ளைக்கு மனசு ஆறும். அப்புறம் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது.

அங்கே படியேறி இறங்கும் வேலை என்றால் மேஸ்திரியிடம் முட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம். உங்கள் கால் தள்ளாடாதபடி கர்த்தர் காக்கட்டும்.

உங்கள்
சுகிர்தா