இறால் மீனல்ல என்று நான் சொன்னது

உத்தமபாளையம்,
11.1.2004, ஞாயிறு.

அன்பு மகள் பாஜிலாவுக்கு அத்தா சேக் பரீத் எழுதுவது. இறைவனின் சாந்தி உன் மீது நிலவுவதாக. நானும் உன் அம்மாவும் நலம். அவளுடைய முழங்கால் வலி டிசம்பர் 9 முதல் சற்றுக் குறைந்திருக்கிறது. திராட்சைக்கு விலை இல்லை.

இக்கடிதம் அபிதாவின் பொருட்டு. பெரியத்தா தன் மகளான அவளை ஆலுவாயில் கட்டிக்கொடுத்தது நீ அறிந்ததே. 5.10.2003 ஞாயிறன்று மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கு இரண்டு வேன்களில் குமுளி வழியாகப் போனோம். பக்கத்தில் கொச்சியில் வேலை பார்க்கும் நீ வரவில்லை. குறையாக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

அங்கே இறால் பிரியாணி வைத்தார்கள். மார்க்கச் சட்டத்தில் அவர்கள் ஷாபி மத்ஹப், கடலில் உள்ளது எல்லாம் அவர்களுக்கு ஆகும். ஹனபிகளான நமக்கு மீன் மட்டுமே ஆகும். கம்பத்து மாமு ஓர் இறாலைத் தூக்கிப் பிடித்து, "ஏலே, மீனுக்கு இம்புட்டுக் காலு எதுக்குடா, சந்தைக்கு நடந்து போகவா?" என்றதும் நம் பந்தியில் ஒரே சிரிப்பு. பெரியத்தா என் பக்கம் திரும்பி, "தம்பி, நீதான விலங்கியல் வாத்தியாரு? இது மீனா இல்லையா, சொல்லு. நீ சொன்னா எல்லாரும் கேட்டுக்கிருவாக" என்றார்.

முதுகெலும்பு இல்லை, மேலே ஓடும் கணுக்கணுவான கால்களும் உண்டு, ஆகவே மீனல்ல; தேள், பூரான், பூச்சி அடங்கிய தொகுதியைச் சேர்ந்தது என்றேன். கேட்ட கேள்விக்கு அது சரியான விடை. நம்மவர்கள் அத்தனை பேரும் கையை எடுத்துக்கொண்டார்கள். வேன் ஓட்டிவந்த பேச்சிமுத்து மட்டும், "வாத்தியாரய்யா வகை பிரிச்சு முடிக்கங்குள்ள நான் ரெண்டாந்தட்டும் முடிச்சுட்டேன்" என்றான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பூச்சி என்ற சொல் அதற்குள் சமையற்கட்டை எட்டியிருந்தது. மாப்பிள்ளையின் தாயார் பரிமாறும் கரண்டியோடு வெளியே வந்து, "ஞங்கள் விளம்பியது பூச்சியோ, மாஷே?" என்று கேட்டார். நான் மறுபடி விளக்கத் தொடங்கினேன். அபிதா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

கல்யாணமான முதல் பெருநாளுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். நவம்பர் 26 நோன்புப் பெருநாளுக்கு அவளை அனுப்பவில்லை. அழைக்கப் போன பெரியத்தாவிடம், பூச்சி தின்கிற வீட்டுப் பெண் உங்கள் வீட்டுக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறார்கள். அபிதா தொலைபேசியில் அழுவதில்லை, பேசுவதும் இல்லை. "எம்புள்ளைய அங்கனயே கட்டிப்போட்டுட்டீகளே" என்று உன் பெரியம்மா என் முகத்துக்கு நேரே சொன்னார்.

டிசம்பர் 19 வெள்ளித் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஹஸ்ரத்தைப் பார்த்தேன். நம் மத்ஹபிலேயே இறாலை மீனாகக் கொண்ட, மார்க்கம் கற்ற ஆலிம்கள் உண்டு என்றார். முதுகெலும்பு இல்லையே என்றேன். "படைச்சவன் முதுகெலும்பத் தடவிப் பாத்துத் திங்கச் சொன்னானா, வாத்தியாரே? அது உங்க பாடத்துல போட்ட கோடுல்ல?" என்று சிரித்தார்.

ஒவ்வோர் இனத்தையும் அல்லாஹ் தனித்தனியே படைத்தான் என்பதில் நான் மாறவில்லை. மீனும் இறாலும் மனிதனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்று 17.12.2001 பெருநாள் சாப்பாட்டின்போது நீ சொன்னாய். அப்படி நினைப்பவள் இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம் என்றேன். அதன் பிறகு நீ வரவில்லை. அல்லாஹ் வகுத்த எல்லைகள் எவை, பள்ளிக்கூடத்துக்காக மனிதர்கள் போட்ட கோடுகள் எவை என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். முடிவுக்கு வரவில்லை.

நானே ஆலுவாய்க்குப் போகலாம் என்றால், போன இடத்தில் மறுபடி பாடம் நடத்துவீர்கள் என்று உன் அம்மா தடுக்கிறாள். ஆகவே நீ போ. சேக் பரீத் மாஷின் மகள் என்று சொல்லிக்கொண்டே போ. கூடத்தில் உட்காராதே, சமையற்கட்டில் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார். இறால் வைத்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடு. அது எந்த வகுப்பு என்று யார் கேட்டாலும் வாய் திறக்காதே. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அபிதாவை அனுப்பும்படி கேள்.

பெருநாள் பிப்ரவரி 2 ஆக இருக்கலாம். பிறை தெரிந்தபின் தேதியை உறுதி செய்து எழுதுகிறேன். அபிதாவையும் மாப்பிள்ளையையும் நீயே கூட்டி வா. அன்றைய சாப்பாடு நம் வீட்டில்தான். உன்னையும் சேர்த்தே அரிசி போடச் சொல்லியிருக்கிறேன்.

அல்லாஹ் உன் பயணத்தை லேசாக்குவானாக.

இப்படிக்கு,
உன் அத்தா,
சேக் பரீத்.