பொதுக் கோப்பில் இருந்த உன் இலக்கம்

மச்சான்,

இன்று காலை வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஆய்வுகூடத்திலிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, உங்கட ஸ்கிரிப்ட் நிண்டுபோச்சு. திரையில கிடக்கிற நம்பருக்கு அடிச்சனான், ஒருத்தரும் எடுக்கேல்லை" என்றார் அங்கே புதிதாகச் சேர்ந்த அக்கா. அது உன் நம்பர். நீ செத்துப்போய் ஏழு மாதமாகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கணினிக்கு நாம் எழுதிவைக்கும் கட்டளைக் கோப்பு, எந்த ஸ்கிரிப்ட் நின்றாலும், திரையில் உன் இலக்கத்தைக் காட்டும்படி நீதான் எழுதினாய். நாம் ஆய்வுகூடத்தின் கணினி வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. பழைய கோப்புகளை அழிக்க நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எந்தக் கோப்புறையில் அழிப்பது என்பதை இன்னொரு ஸ்கிரிப்டில் எழுதி, அதை முதலில் ஓட்டினேன். அது ஓடி முடிந்ததும் அதிலிருந்த பெயரும் அதோடு போய்விட்டது. அழிக்கும் ஸ்கிரிப்டுக்குப் பெயர் வெறுமையாக வர, அது தான் நின்ற இடத்திலேயே நோயாளர்களின் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளை அழிக்கத் தொடங்கியது. உடனே உனக்கு அடித்தேன்.

நீ கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் பறந்து வந்தாய். முந்தின நாள் எடுத்துவைத்த பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டாய். மனேஜர் கத்த, "சேர், செக் பண்ணினது நான். என்ர பிழைதான்" என்றாய். அதை நீ கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை, படுபாவி!

பிறகு தேத்தண்ணிக் கடையில் வைத்து ஏசினாய். "மடையா, பேர் எழுதின ஸ்கிரிப்டைத் தனியா ஓடவிட்டா அது எல்லாத்தையும் தன்னோடயே கொண்டு போயிடும். அதின்ர பேருக்கு முன்னுக்கு ஒரு புள்ளி போட்டுக் கூப்பிடு, அதை உன்ர ஸ்கிரிப்டுக்குள்ளயே வாசிக்கும். அதுக்குக் கீழ ஓடுறதுகளுக்கும் அந்தப் பேர் வேணுமெண்டா எக்ஸ்போர்ட் எண்டு போட்டுக் குடுத்துவிடு. பேர் வெறுமையா வந்தா ஓடாமல் நிக்கச் சொல்லு."

அன்றே எல்லா ஸ்கிரிப்டும் வாசிக்கிற ஒரே பொதுக் கோப்பைச் செய்து, உன் இலக்கத்தையும் அதில் போட்டாய். "ஏச்சு வாங்கிறதெண்டா நான் வாங்கிறன். நீ பயப்பிடாமல் வேலையைப் பார்." எத்தனை வருடம் வாங்கினாய், ஒருநாளும் முகம் சுளிக்காமல்! உன்னைப் போல ஒருத்தனை நான் கண்டதில்லை.

இன்று நின்றதும் என் பிழையால்தான். எல்லாவற்றையும் புதிய சேர்வர் கணினிக்கு மாற்றியபோது பொதுக் கோப்பில் கோப்புறைப் பெயரை எழுத மறந்துவிட்டேன். நீ வைத்த காவலால் ஓர் அறிக்கையும் அழியவில்லை. பெயரைச் சேர்த்தேன். அதன் மேல்வரியில் உன் இலக்கம். பாசத்தால்தான் அதை மாற்றவில்லை என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். பாதி உண்மை. மீதி ஏச்சு வாங்கப் பயம், மச்சான்.

இன்று அதை என் இலக்கமாக மாற்றினேன். ஒரே வரி, எல்லா ஸ்கிரிப்டுக்கும் போய்ச் சேர்ந்தது. மத்தியானமே முதல் அழைப்பு. காலையில் ஸ்கிரிப்ட் நின்றதில் அறிக்கை பிந்திய கோபத்தில் ஒரு டொக்டர்.

"ஓம் டொக்டர், என்ர பிழைதான்," என்றேன். "சொல்லுங்கோ."