வாக்கருக்குச் சவுனா ஆகாது

அக்டோபர் 8, செவ்வாய்

மருத்துவமனையிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். உடைந்த இடுப்பெலும்பில் ஏதோ உலோகத்தை வைத்துத் தைத்திருக்கிறார்கள். தம்பெரே நகரம் முழுக்க பஸ் ஓட்டிய இந்த ஹில்க்கா, சொந்தச் சமையலறைக்குப் போக வழியில்லாமல் சோபாவில் கிடக்கிறாள். வெட்கக்கேடு.

மகள் மெர்யா தலையணையை அடித்துச் சரிசெய்துகொண்டே விஷயத்தை எடுத்தாள். சவுனா முறையை விட்டுக்கொடுத்துவிட வேண்டுமாம். விளையாடுகிறாளா? கீழ்த்தளத்தில் கட்டடம் முழுவதற்கும் ஒரே சவுனா, சுடுகல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் வேர்க்கிற அறை. வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம். என்னுடையது வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி. அந்த நேரம் காலியாக வேண்டுமென்றால் யாராவது சாக வேண்டும். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது.

"அம்மா, ஈரத் தரை, கொதிக்கிற கல்லு, நீ தனியா. இனிமே தனியா அங்க இறங்கினேன்னு தெரிஞ்சா, நேரா முதியோர் இல்லத்துல பேரு குடுத்துட்டு வந்துடுவேன்" என்றாள்.

செய்வாள். என் பிடிவாதம் அப்படியே அவளிடம் போயிருக்கிறது.

அக்டோபர் 10, வியாழன்

மேல்மாடி ஓர்வோக்கி இலவங்கப்பட்டை பன்னோடு வந்தாள். நிலைப்படியைத் தாண்டவில்லை. இந்தக் கட்டடத்தில் யாரும் யார் வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைப்பதில்லை, அதனால்தான் இத்தனை வருடம் கொலை எதுவும் நடக்காமல் ஓடுகிறது.

அவளுடைய சவுனா முறை திங்கட்கிழமை ஐந்து மணி. திங்கட்கிழமையே ஒரு தண்டனை, அதில் ஐந்து மணிக்கு யாருக்கு வேர்க்கும்? என் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பவர்களில் அவள்தான் முதல் ஆள். கால் எப்படி இருக்கிறது, நடக்க முடியுமா, டாக்டர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கழுகு மாதிரி. சீக்கிரமே ஓடுவேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

பன் நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்.

அக்டோபர் 14, திங்கள்

நகராட்சியின் உபகரணக் கூடம். நடக்க முடியாதவர்களுக்கு இரவல் கொடுக்கும் இடம். பிசியோதெரபி செய்யும் தைனா என்ற பெண் முதலில் ஒரு பெரிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாலு சக்கரம், பிரேக், கூடை, உட்கார இருக்கை. சந்தைக்குப் போய் மீன் வாங்கத் தோதானது. ஆனால் எங்கள் லிஃப்ட் டெலிபோன் கூண்டு அளவுதான். ஒன்று வண்டி ஏறும், இல்லாவிட்டால் நான் ஏறுவேன். அடுத்ததில் சக்கரமே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வைக்க வேண்டும். சமையலறை போய்ச் சேர்வதற்குள் பசியே போய்விடும்.

மூன்றாவது அலுமினியம். முன்னால் மட்டும் இரண்டு சின்னச் சக்கரம், பின்கால்களில் ரப்பர். இரண்டு பக்கமும் பொத்தானை அமுக்கினால் மடங்கித் தட்டையாகிச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு விரலால் தூக்கலாம். குறுகலான கதவு ஒன்று இருக்கிறது, அதற்குள் நுழையுமா என்று கேட்டேன். குளியலறையா என்றாள் தைனா. ஆமாம் என்றேன். சவுனாவிலும் குளிக்கத்தானே செய்கிறோம்? பொய்யில்லை.

நானே உயரத்தை வைத்துக்கொண்டு நடந்து காட்டினேன். கீழே விழுந்த ஊசியைத் தேடுகிற மாதிரி குனிந்திருக்கிறேனாம். கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லி, பிடியை என் மணிக்கட்டுக்கு நேராக ஏற்றிவைத்தாள்.

"முதல்ல வாக்கர், அப்புறம் அடிபட்ட கால், கடைசியில நல்ல கால். வாக்கரைத் துரத்திக்கிட்டுப் போகாதீங்க, அதுக்குள்ள நில்லுங்க" என்றாள்.

பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டபோது இதைவிடக் குறைவாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அக்டோபர் 15, செவ்வாய்

வாக்கருக்கு ஆடு என்று பேர் வைத்திருக்கிறேன். நாலு கால், மூளை கிடையாது, போக வேண்டிய திசையைத் தவிர மற்ற எல்லாத் திசையிலும் போகிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

மெர்யா வந்து தரைவிரிப்புகளை எல்லாம் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள், ஆட்டின் கால் தட்டிவிடுமாம். வீடு தபால் ஆபீஸ் மாதிரி இருக்கிறது.

பெரிய பிரச்சினை காப்பி. இரண்டு கையும் ஆட்டின் மேல் இருந்தால் கோப்பையை எதில் பிடிப்பது? பல்லிலா? ஒரு வாரமாக அடுப்படியில் நின்றுகொண்டே குடித்தேன். இன்று ஆட்டின் முன்னால் துணிப்பை கட்டி, அதில் பிளாஸ்க், ரொட்டி, செய்தித்தாள், ஒரு ஜாடி ஊறுகாய் மீன் எல்லாம் போட்டேன். பாரம் தாங்காமல் ஆடு குப்புற விழுந்தது. நல்லவேளை, மேஜையைப் பிடித்துக்கொண்டேன். சோபாவுக்கடியில் மீன் வாடை. இனி பையில் பிளாஸ்க் மட்டும்.

அக்டோபர் 25, வெள்ளி

ஏழு மணி. இன்றைக்கும் போகவில்லை. வேறொருத்தியின் உடம்புக்குள் குடியிருக்கிற மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமையும் இல்லையென்றால் நான் எதற்குத்தான் இருக்கிறேன்?

நவம்பர் 8, வெள்ளி

எழுதாமல் தூக்கம் வராது.

டிவி பார்க்கப் போகிறேன் என்று போனில் மெர்யாவிடம் சொன்னேன். ஏழு மணிக்கு ஆட்டை மடக்கி லிஃப்டில் ஏற்றினேன், கீழ்த்தளத்தில் விரித்தேன். உடை மாற்றும் அறை, குளிக்கும் இடம், சவுனா என்று மூன்று கதவிலும் நுழைந்தது. என்ன தேர்வு, ஹில்க்கா! என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஆட்டையும் சவுனாவுக்குள்ளேயே கூட்டிப்போய் எதிரில் நிறுத்திவிட்டு, கீழ்ப்பலகையில் துணி விரித்து உட்கார்ந்தேன். மாலை முழுக்கச் சூடாகவே இருக்கும் கல்லில் தண்ணீர் ஊற்றினேன். அந்தச் 'சொய்ங்'! அழுதுவிட்டேன், சொன்னால் என்ன. இன்னும் ஊற்றினேன். வாளியில் கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன்.

எழுந்திருக்கலாம் என்று ஆட்டைப் பிடித்தேன்.

அலுமினியம். கொதிக்கிற சவுனாவில். கம்மல் போட்டுக்கொண்டு சவுனாவுக்குள் போகக்கூடாது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நான் ஒரு முழுச் சட்டகத்தையே கூட்டிப்போயிருக்கிறேன். விரல் சுட்டுவிட்டது. ரப்பர் பிடியோ இளகிப்போய்க் கைக்குள் சுழன்றது. துணியைச் சுற்றிப் பிடிக்கலாம், ஆனால் துணி மேல்தானே உட்கார்ந்திருக்கிறேன்? எழுந்தால்தான் அதை எடுக்க முடியும், அதைப் பிடித்தால்தான் எழ முடியும். ஊற்றி ஆற்றத் தண்ணீரும் இல்லை. கிழட்டு முட்டாளே, கிழட்டு முட்டாளே. இப்படியா சாவது, துணியில்லாமல், ஒரு ஆட்டைப் பார்த்துக்கொண்டு?

கத்தினேன். பஸ்ஸில் குடிகாரர்களை இறக்கிவிட்ட குரல், இன்னும் மிச்சமிருக்கிறது.

பக்கத்துச் சலவை அறையிலிருந்து வந்தவள் யார்? ஊரில் வேறு ஆளே இல்லையா? ஓர்வோக்கி. கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள். ஒரு வாளி பச்சைத் தண்ணீரை ஆட்டின் தலையில் கவிழ்த்தாள், ஈரத் துண்டைப் பிடிகளில் சுற்றினாள், என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். எலும்பும் தோலுமாக இருக்கிறாளே என்று பார்த்தால், அப்படி ஒரு பலம்.

வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனாள். அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

மெர்யாவின் நம்பர் ஓர்வோக்கியிடம் இருக்கிறது. ஒரு போன் போதும். வெள்ளிக்கிழமை அவளுக்கு, முதியோர் இல்லம் எனக்கு. அவள் இடத்தில் நான் இருந்தால் நேற்றே போட்டிருப்பேன்.

நவம்பர் 12, செவ்வாய்

லிஃப்டில் அவளோடு மாட்டிக்கொண்டேன். ஆடு எங்கள் இருவருக்கும் நடுவில் மடங்கி நின்றது. எவ்வளவு நாள்தான் தாங்குவது? நேரடியாகவே கேட்டேன். "மெர்யாகிட்ட எப்போ சொல்லப் போறே?"

"எதுக்குச் சொல்லணும்?" என்றாள். "வெள்ளிக்கிழமை நானும் வர்றேன். வாக்கர் வெளிய நிக்கட்டும், நான் உள்ள."

என் வெள்ளிக்கிழமை முறை வேண்டாமா என்றேன். காலி வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றாள். அவள் கணவன் போய்ச் சேர்ந்ததிலிருந்து திங்கட்கிழமைகளில் சவுனாவைச் சூடாக்கிவிட்டு, உடை மாற்றும் அறையிலேயே உட்கார்ந்து எழுந்து வந்துவிடுகிறாளாம். வெள்ளிக்கிழமைகளில் கீழே இறங்கினால் நான் உள்ளே தனியாகப் பேசிக்கொள்வதும் கல்லைத் திட்டுவதும் சலவை அறை வரை கேட்குமாம். அதைக் கேட்கவே துணி துவைக்க வருவாளாம்.

லிஃப்ட் நின்றது, நல்லதாகப் போயிற்று.

நவம்பர் 15, வெள்ளி

போனோம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றுகிறாள், மருந்து ஊற்றுகிற மாதிரி. கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன். அப்புறம் அவள் மேல்பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தனக்குச் சூடு போதவில்லை என்று வம்பு. இவளை எப்படித்தான் சகிப்பது?

நவம்பர் 20, புதன்

தைனா வந்தாள். இளகிக் கோணிப்போன பிடிகளை நெடுநேரம் பார்த்தாள். அடுப்புப் பக்கம் நிறுத்திவிட்டேன் என்றேன். அவளும் இந்த ஊர்க்காரிதானே. சிரிக்காமல் புதுப் பிடி மாட்டினாள். வாக்கருக்குச் சவுனா ஆகாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நவம்பர் 24, ஞாயிறு

மெர்யாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விரலில் சூட்டுத் தழும்பையும் காட்டினேன். கத்தித் தீர்த்தாள். இப்போது தனியாகப் போவதில்லை, ஓர்வோக்கி கூட வருகிறாள் என்றேன்.

"உனக்குத்தான் அவளைக் கண்டாலே ஆகாதே."

"ஆகாதுதான்" என்றேன்.

எழுந்துபோய் என் பிளாஸ்க்கைக் கழுவினாள். பிறகு காப்பி போட்டாள். முதியோர் இல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டிசம்பர் 13, வெள்ளி

ஓர்வோக்கிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். சவுனா இன்று முழுக்க முழுக்க எனக்கே எனக்கு. கால் தேறிவிட்டது, ஆட்டை வெளியே நிறுத்திவிட்டு நாலு எட்டு தனியாகவே வைக்க முடிகிறது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். ஏறிய பிறகு மேல்மாடிப் பொத்தானை அமுக்கினேன்.

கதவு பூட்டியிருக்கவில்லை. அவள் வீட்டு நிலைப்படி என்னுடையதைவிட உயரம். முதலில் ஆடு, பிறகு அடிபட்ட கால், பிறகு நல்ல கால். உள்ளே போய்விட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"செத்துட்டேனான்னு பாக்க வந்தியா?" என்றாள் கட்டிலிலிருந்து.

"ஆமா. திங்கட்கிழமை காலியாகுமான்னு கேக்க வந்தேன்."

இருமல் வரும்வரை சிரித்தாள். ஏழு மணியாகிவிட்டதே, போய்க் குளி, முறை வீணாகிறது என்று விரட்டினாள். நான் அவள் அடுப்பில் ஆறிக் கிடந்த மீன் சூப்பைச் சூடாக்கினேன். ஏழிலிருந்து எட்டு வரை கீழே கல் சும்மா கொதித்துக் கிடந்தது. நான் மேலே, சூப்பில் உப்பு போதாது என்று அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.