வராதவனுக்குப் போட்ட பேர்

இன்று காலை எங்கள் பல்கலைக்கழக அலுவலகத்து அச்சு இயந்திரம் தடித்த காகிதம் ஒன்றை வெளியே தள்ளியது. எடுத்துப் பார்த்தேன். சுட்ட அப்பளம்போல் சூடு, மூக்கில் ஏறும் மை வாடை, சுற்றிலும் பொன்னிற ஓரம், நடுவில் உன் பெயர். சேர்ந்த நாள் முதல் இறுதி வரை ஒரு மாதமும் தவறாமல் வருகை தந்த ஆய்வு மாணவர் என்று உன்னைப் பாராட்டிச் சான்றிதழ். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. அடுத்த வாரம் மண்டபத்தில் விழா. உன் சார்பில் உன் மகள் தேவி ஜொகூரிலிருந்து வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

என் பதவி உனக்குத் தெரியாததல்ல. முதுநிலை ஆய்வு மாணவர் வருகைக் கண்காணிப்புப் பேரரசின் ஏக சக்கரவர்த்தி நான். என் நாட்டின் எல்லை ஒரு கவுண்டர், ஒரு கண்ணாடித் தடுப்பு, ஒரு ஆடும் நாற்காலி. என் படை ஒரு ஸ்டேப்ளர். அதுவும் பாதி நாள் மருத்துவ விடுப்பில் இருக்கும். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் மாதம் ஒருமுறை தங்கள் மேற்பார்வையாளரைச் சந்தித்தார்களா என்று பார்த்துக் கணினியில் குறி போட வேண்டும். மாதத்தின் கடைசி வெள்ளிக்குள் வராதவரைத் திங்கட்கிழமை காலை அழைக்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால், அவர் எழுதிக் கொடுத்திருக்கும் வீட்டு ஆளை அழைக்க வேண்டும். என் சாம்ராஜ்யத்தின் சட்டப் புத்தகமே இவ்வளவுதான்.

இந்தப் பேரரசுக்குள் ஐம்பத்தெட்டு வயதில் நீ நுழைந்த நாளை நான் மறக்கவில்லை. சுவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வந்து கண்ணாடியைத் தட்டினாய். உன் மோட்டார் சைக்கிள் போடும் சத்தத்தில் செண்டாயான் தொழிற்சாலைகளில் சங்கு ஊதுவதையே நிறுத்திவிட்டார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த காலம் அது.

"என்னலா ஆராய்ச்சி?" என்றேன்.

"ஆந்தை."

"ஆந்தையா? பேரன் பேத்தி எடுக்கிற வயசுல ஆந்தையாடா?"

"உன் மூஞ்சிய அம்பது வருஷம் பார்த்தவன்டா நானு. ஆந்தை எவ்வளவோ மேல். பாரத்தக் குடு."

செம்பனைக் காட்டில் எலிகளைப் பிடிக்க ஆந்தைகளை வளர்ப்பார்கள். கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி. அதற்குள் வெள்ளை முக ஆந்தை. நாற்பத்திரண்டு பெட்டிகளில் எதில் ஆள் இருக்கிறது, எதில் முட்டை, எதில் குஞ்சு என்று வாரா வாரம் ஏணி போட்டு ஏறிப் பார்ப்பதுதான் உன் ஆய்வு. மலாய்க்காரர்கள் அதைப் பேய்ப் பறவை என்பார்கள். "பேய்க்கெல்லாம் வருகைப் பதிவு எடுக்கிற ஒரே தமிழன் என் நண்பன்" என்று நான் பெருமையடித்தால், "நீ மட்டும் யாருக்கு எடுக்கிற? உன் ஸ்டூடண்டெல்லாம் மாசத்துக்கு ஒருதரம்தான் கண்ணுல படுதுங்க, என் பேயாச்சும் தெனமும் வீட்டுல இருக்கு" என்பாய்.

ஒரு சனிக்கிழமை காலை என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாய். பதினேழாம் பெட்டிக்கு ஏணி எட்டவில்லை. அடியில் மண் சரிந்திருந்தது. நீ நோட்டில் 'பார்க்கவில்லை' என்று எழுதினாய். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எனக்கு டீ வேண்டியிருந்தது.

"இருக்குன்னு எழுதிட்டு வாடா. ஆந்தை வந்து கம்ப்ளெய்ன் பண்ணவா போகுது?"

நீ பேனாவை மூடினாய். "பார்க்காததை இருக்குன்னு எழுதினா, அது செத்தாலும் எனக்குத் தெரியாதுடா" என்றாய். அன்றைக்கு அதற்கும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

நான் அப்படி வளர்ந்தவன் இல்லையடா. நாம் பிறந்த தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், ஆட்களை மேய்க்கும் மண்டோராக என் அப்பா நின்று பேர் கூப்பிடுவார். வந்த ஆளுக்கு அன்றைய பேர் விழும், கூலி உண்டு. வராத ஆளுக்கு விழாது. உன் அம்மா காய்ச்சலில் விழுந்த வாரம், அப்பா ஆறு நாளும் பேர் போட்டார். கூட்டத்தில் யாரோ தொண்டைக்குள் "வந்தேன்" என்பார்கள். கிராணி தலை நிமிராமல் எழுதுவார். தோட்டமே என் அப்பாவை அதற்காகக் கும்பிட்டது. பேர் போட்டுவிடுவது என்றால் எங்களுக்கு அன்பு காட்டுவது. அந்த அன்பை நான் பரம்பரைச் சொத்தாக எடுத்துக்கொண்டேன். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்பான் ஒருவன், ஈப்போவில் மழை என்பாள் ஒருத்தி. அத்தனை பேருக்கும் 'வந்தார்' குறியை வாரி வழங்கினேன். வள்ளல்!

மார்ச்சிலிருந்து உன் மேற்பார்வையாளர் அம்மையார் பிரசவ விடுப்பில் இருந்தார். அவர் இல்லாத மாதங்களில் நீ என் கவுண்டருக்கு வந்து கையெழுத்துப் போட்டு, ஒரு பக்க அறிக்கை தந்துவிட்டுப் போனால் போதும் என்று ஏற்பாடு. ஏப்ரல் கடைசி வெள்ளி நீ வரவில்லை. மாலையில் நான் கோலா கிளாவாங்குக்குக் கிளம்ப வேண்டும். சொந்தக்காரப் பையன் கல்யாணம், மேடையில் மைக் பிடிப்பது நான்தான். உன் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. ஏதாவது ஏணி உச்சியில் தொங்கிக்கொண்டிருப்பான், திங்கட்கிழமை வந்து இளிப்பான் என்று நினைத்தேன். 'வந்தார்' என்று அமுக்கினேன். அமுக்கியதும் கட்டம் பச்சையாகிவிட்டது. திங்கட்கிழமை அழைக்க வேண்டிய பட்டியலில் உன் பெயர் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரை நான் சோழ வம்சத்தோடு இணைத்துக்கொண்டிருந்தபோது தேவியிடமிருந்து செய்தி வந்தது. அப்பா ஃபோன் எடுக்கவில்லை, வெள்ளிக்கிழமை ஆபீஸ் வந்தாரா மாமா என்று கேட்டிருந்தாள். ஒரு கையில் மைக். இன்னொரு கையின் கட்டைவிரலால் பதில் போட்டேன். "வந்தாரும்மா. நல்லா இருக்காரு. ஆந்தை பார்க்கப் போயிருப்பாரு." அவள் ஒரு சிரிப்புப் படம் அனுப்பினாள்.

வியாழக்கிழமை, பக்கத்து வீட்டு வங்காளதேசத் தொழிலாளி ஒருவர், உன் மோட்டார் சைக்கிள் நான்கு நாளாக நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்துக் கதவைத் தட்டியிருக்கிறார். சமையலறைத் தரையில் கிடந்தாயாம். மூச்சு இருந்தது. மருத்துவமனையில் ஒரு ராத்திரி தாங்கினாய். விழுந்து இரண்டு மூன்று நாளாவது ஆகியிருக்கும் என்றார் மருத்துவர். ஞாயிறன்று நீ நின்றுகொண்டிருந்தாயா, தலைசுற்றிப் படுத்திருந்தாயா, யாருக்கும் தெரியாது. நான் 'வரவில்லை' என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் தேவி அன்றே காரை எடுத்திருப்பாள். ஜொகூரிலிருந்து மூன்றரை மணி நேரம்.

அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவரும் பொய்ப் பேர் போட்டவர்தான். ஆனால் உன் அம்மா எந்த லயத்து வீட்டில், எந்தப் பாயில், எத்தனை போர்வைக்குள் கிடக்கிறார் என்று தெரிந்து போட்டார். பெரட்டு முடிந்ததும் என் கையில் கஞ்சித் தூக்கைக் கொடுத்து உங்கள் வீட்டுக்கு விரட்டுவார். ஆள் எங்கே என்று தெரியாமல் அவர் ஒருத்தருக்கும் பேர் போட்டதில்லை. நான் அவரிடமிருந்து பாதியைத்தான் கற்றிருக்கிறேன்.

உன்னைப் பார்க்காமலே குறி போட்டதையாவது அன்றே சொல்லியிருக்கலாம். சாவு வீட்டில் தேவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லாதானே இருந்தாரு மாமா? உங்ககிட்ட என்ன பேசினாரு?" என்று கேட்டாள். உண்மை என் வாய்க்குள் வந்து நின்றது. வெளியே வந்தது வேறு. நீ நீலச் சட்டையில் வந்தாய், இருபத்தொன்றாம் பெட்டியில் ஏழு குஞ்சு என்று கவுண்டருக்கு முன்னால் ஒரு ஆட்டம் போட்டாய், என் ரொட்டிச் சானாயில் பாதியைப் பிடுங்கித் தின்றாய் என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். பதினாறாம் நாள் மறுபடி கேட்டாள். "தேவி குரல் அப்படியே அவ அம்மா குரல்டா" என்று நீ சொன்னதாக ஒரு வரி சேர்த்தேன். நான் சொன்ன பொய்களிலேயே நன்றாகச் செய்த பொய் அது.

அந்தப் பொய்தான் இப்போது வருகிறது. கடைசி வெள்ளிகளில், நான்கு மணி வாக்கில், கவுண்டரில் வரிசை தீர்ந்து குளிர்சாதனம் மட்டும் உறுமும் நேரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீலச் சட்டை தெரியும். முதல் மாதம் சும்மா நின்றாய். அடுத்த மாதம் ஆடினாய். நான் சொல்லாத ஒன்றையும் இப்போது செய்கிறாய்: உதட்டில் ஒட்டிய பருப்புக் குழம்பைப் புறங்கையால் துடைக்கிறாய். போன மாதம் உன் நிஜ முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். நான் பொய்யாகக் கட்டிவிட்டவன்தான் முன்னால் வந்து நின்றான். நீ அவனுக்குப் பின்னால் எங்கோ மறைந்திருந்தாய். ஒருமுறை கொன்றது போதாதென்று உன் இடத்தில் ஆளையும் உட்கார வைத்துவிட்டேன்.

சான்றிதழைக் கையில் வைத்திருக்கும்போதே தேவி அழைத்தாள்.

"மாமா, விழாவுல ரெண்டு நிமிஷம் பேசச் சொல்றாங்க. எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராதுலா. நீங்களே பேசிடுங்க. அப்பா கடைசியா வந்த கதையச் சொல்லுங்க. அந்த ஆட்டம், ரொட்டிச் சானாய், எல்லாம்."

இருபது கல்யாண மேடைகளைக் கட்டி ஆண்டவன், சான்றிதழைக் கவுண்டரில் கவிழ்த்து வைத்தேன்.

"என்ன மாமா? லைன் கட்டாயிருச்சா?"

"அவன் வரலம்மா."

"என்ன?"

"அந்த வெள்ளிக்கிழமை அப்பா வரல. நான் பார்க்கல. பார்க்காமலே வந்தாருன்னு போட்டேன். நீ கேட்டப்பவும் அதையேதான் சொன்னேன். ஆட்டம், சட்டை எல்லாம் நான் கட்டினது."

அவள் பக்கத்தில் எங்கோ ஒரு லாரி பின்வாங்கும் பீப் ஓசை விட்டு விட்டுக் கேட்டது. பிறகு, "நான் வரலாம்னுதான் கார் சாவிய எடுத்தேன் மாமா. உங்க மெசேஜைப் பார்த்துட்டு வச்சிட்டேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் எங்கேயாவது பிடித்துக்கொண்டிருப்பேன்.

"தலைமைக்கு எழுதிக் குடுத்துடறேன்மா. அந்தக் குறிய அழிக்கச் சொல்றேன்."

"அதெல்லாம் உங்க ஆபீஸ் பாடு. நீங்க நெஜமா அப்பாவ எப்ப பார்த்தீங்க? நெஜமா."

மார்ச் மாதக் கடைசி வெள்ளி. அதை அவளுக்குச் சொன்னேன். சொல்ல அதில் அதிகமில்லை. நான் தொலைபேசியில் யாருக்கோ போர்ட்டிக்சன் கடலில் பிடித்த மீனின் நீளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ வந்தாய். கையெழுத்துப் போட்டாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் ஒரு விரலை உயர்த்தி, பொறு என்றேன். பொறுத்தாய். மீன் நீண்டுகொண்டே போனது. நீ லேசாகச் சிரித்துவிட்டுத் திரும்பி நடந்தாய். உன் சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடங்கியிருந்தது. கூப்பிட்டுக் கேலி செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் கதவு மூடிவிட்டது.

"எந்தப் பக்கம் மாமா?"

"இடது பக்கம்."

"ஆமா," என்றாள் தேவி. "அம்மா போனதிலேருந்து அதை யாரும் எடுத்து விடறதில்ல."

வைத்துவிட்டாள். விழாவுக்கு வருவாளா, இனி என்னை மாமா என்பாளா, தெரியாது.

நீ என்ன சொல்ல வந்தாய் என்றும் தெரியாது. தலைசுற்றுகிறது என்றா, ஏழு குஞ்சு என்றா, சும்மா சாப்பிட்டாயா என்றா? அந்த இடத்தில் எதையும் இட்டு நிரப்ப மாட்டேன். ஒரு உயர்த்திய விரல், மடங்கிய ஒரு காலர். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான், இதில் நான் எதையும் நீட்டவில்லை. கவுண்டரைச் சுற்றி வந்தால் இரண்டே எட்டு. எழுந்து வந்து அந்தக் காலரை எடுத்து விட்டிருக்கலாம்.