கொட்டாப்புளியோடு ஒரு நாற்காலி

மார்ச் 9

எட்டாவது நாற்காலியும் முடிந்தது. சில்வர் ஓக் மரம். ஆணி ஒன்றுகூட இல்லை. இணைப்பு எல்லாம் மர ஆப்புதான். வெளியே நீட்டிய நுனிகளைச் சமமாக அறுத்து, தேய்த்து, விரலால் தடவிப் பார்த்தேன். ஆப்பு எது, கால் எது என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன். வேறு யார் கொடுப்பார்கள்?

மலை மேல் எங்கள் வில்பட்டியில் நாலு நாளாக மழை விட்டபாடில்லை. துவைத்த துணி அப்படியே ஈரமாகக் கிடக்கிறது.

மார்ச் 14

மதுரைக் கலைச் சந்தையில் இடம் கிடைத்துவிட்டது. ஏப்ரல் இரண்டு முதல் ஐந்து நாள்.

ஹோட்டலில் பத்து வருடம் யார் யாரோ தூங்கிய கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன். அங்கே உடைந்த நாற்காலிகளைச் சரிசெய்யப் போய்த்தான் இந்தக் கிறுக்கு பிடித்தது. மூன்று மாத லீவு கேட்டபோது மேனேஜர் சுவாமிநாதன் சார், "ஏப்ரல் பத்தாம் தேதிக்குள்ள வர்றியா இல்லையான்னு சொல்லிரும்மா. சீசனுக்கு ஆளு வேணும்" என்றார்.

எனக்கும் ஜீப் ஓட்டும் என் வீட்டுக்காரர் பழனிக்குமாருக்கும் பேச்சு இதுதான்: கொண்டுபோவதில் பாதியாவது விற்றால் பட்டறை. இல்லாவிட்டால் பழைய யூனிஃபார்ம். "விக்கும்னு நெனைக்கிறீங்களா?" என்று கேட்டேன். "ஜீப்புல எத்தனை ஏறும்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்கிறார். பழனிக்குமாரிடம் ஒரு பதில் வாங்குவதற்குள் காட்டில் பூண்டு விளைந்துவிடும்.

ஏப்ரல் 1

கிளம்பியாயிற்று. எட்டு நாற்காலி, ஆறு முக்காலி, அவர், நான், பக்கத்து வீட்டு அன்னக்கொடி அக்கா. பாலிஷ் போட்டதெல்லாம் அக்காதான். மலை இறங்கி வத்தலக்குண்டு வந்ததும் ஆளுக்கு ஆள் ஸ்வெட்டரைக் கழற்றினோம்.

ஏப்ரல் 2

ஒன்றுகூட விற்கவில்லை. தடவிப் பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். வெயில் என்றால் அப்படியொரு வெயில்.

ஏப்ரல் 3

எழுதவே கூசுகிறது.

பழனியிலிருந்து சிவபாக்கியம் என்று ஓர் அம்மா வந்தார். நல்ல கனத்த உடம்பு. கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, "சொகமா இருக்கும்மா" என்றார். எழுந்திருக்கும்போது கைப்பிடியை ஊன்றினார். அது அவர் கையோடு வந்துவிட்டது. சுற்றிலும் இருபது பேர். அவர் அதை என்னிடம் நீட்டி, "ஏம்மா, இது தனியா வெலைக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். எட்டில் ஆறு ஆடுது. ஏன்? ஊருல கல்லு மாதிரி நின்னுச்சே —

சாயங்காலம்தான் மண்டையில் ஏறியது. மழைக்காற்றில் ஊறிய மரம் மதுரை வெயிலுக்குச் சுருங்கி, துளைக்குள் தளர்ந்துவிட்டது. ஆப்பைத் தட்டி இறுக்கலாம் என்றால் தட்டுவதற்கு நுனி இல்லை. அழகு பார்த்து அறுத்தவள் நான்தானே. கிறுக்கி. வேற எவ இப்படிச் செய்வா?

"நம்ம ஸ்வெட்டரக் கழட்டுனப்பவே மரத்தப் பத்தியும் யோசிச்சிருக்கணும்" என்றார் அன்னக்கொடி அக்கா. கோபமாக வந்தது. உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

ஏப்ரல் 4

வெள்ளனே எழுந்து முதல் வேலையாக ஒரு முக்காலியை உடைத்தேன். அந்த மரத்தில் புது ஆப்புகள் செதுக்கினேன். பழையதைத் தட்டி வெளியேற்றிவிட்டு, கொஞ்சம் தடித்ததை மரச் சுத்தியலால், அதுதான் கொட்டாப்புளியால், அடித்து இறக்கினேன். இந்தத் தடவை நுனியை அறுக்கவில்லை. ஒரு விரல் அளவு வெளியே நிற்கட்டும்.

சத்தம் கேட்டுக் கூட்டம் கூடியது. "இதென்ன நீட்டிக்கிட்டு நிக்குது?" என்றார் ஒருவர். இனி மறைக்க என்ன இருக்கிறது? "மழைக்குள்ள செஞ்சதுங்க, வெயிலுக்கு மரம் எளைச்சுருச்சு. ஆடுச்சுன்னா இந்த எடத்துல ஒரு தட்டு தட்டுங்க, இறுகிரும்" என்று கொட்டாப்புளியை அவர் கையில் கொடுத்தேன். தட்டினார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. வயதான மனிதர், முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவருக்குப் பின்னால் வரிசை. வாங்க வந்தவர்களைவிடத் தட்ட வந்தவர்கள்தான் அதிகம்.

தட்டிய கையோடு அவரே அந்த நாற்காலியை வாங்கிக்கொண்டு, "கொட்டாப்புளி தரமாட்டீங்களா?" என்றார். அட, இது எனக்குத் தோன்றவில்லையே. என் வீட்டுக்காரர் பின்பக்கம் உட்கார்ந்து, உடைத்த முக்காலியின் கால்களை வெட்டிச் சின்னச் சின்னக் கொட்டாப்புளிகள் செய்தார். வாங்குபவர்களிடம் வேறு பெருமை அடித்தார்: "ஊருல அவனவன் தெரியாம ஆப்பு வைக்கிறான். எம் பொண்டாட்டி சொல்லிட்டு வைக்கிறா."

நான்கு நாற்காலி, இரண்டு முக்காலி. ஒரே நாளில்.

ஏப்ரல் 6

ஒரு முக்காலிதான் மிச்சம். சிவபாக்கியம் அம்மா திரும்ப வந்து அதே நாற்காலியைக் கேட்டு வாங்கினார். "எங் கையோட வந்ததும்மா, எனக்குத்தான்." அதோடு சாப்பாட்டு மேசை ஒன்று, ஆறு நாற்காலி — செய்து தரச் சொல்லியிருக்கிறார். திரும்பும் வழியெல்லாம் அன்னக்கொடி அக்கா பாடிக்கொண்டே வந்தார். குரல் சகிக்கவில்லை. நானும் கூடப் பாடினேன்.

ஏப்ரல் 9

சிவபாக்கியம் அம்மா போன். "தெனமும் காலையில வீட்டுல ஆளுக்கொரு தட்டு தட்டுறோம்மா."

"அம்மா, ஆடுனா மட்டும் தட்டுங்க. மரம் பொளந்திரும்."

"பேரப்புள்ளைக கேக்க மாட்டேங்குதே."

கொட்டாப்புளியை ஒளித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 11

மேசைப் பலகை இழைத்துக்கொண்டிருந்தபோதுதான் நினைவு வந்தது: பத்தாம் தேதி நேற்றோடு போய்விட்டது. மேனேஜருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதறிப்போய் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"அதான் உன் வீட்டுக்காரரு வந்து சொல்லிட்டாரேம்மா. அவ வரமாட்டா, வேற ஆளப் பாத்துக்கங்கன்னு."

"எப்ப சார் சொன்னாரு?"

"நீங்க மதுரைக்குக் கெளம்புறதுக்கு முந்தின நாளு."

முந்தின நாள். ஒரு முக்காலிகூட விற்காதபோது.

மத்தியானம் ஜீப்பை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தார். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டால் ஜீப் கதை ஏதாவது சொல்வார். பலகையின் அந்தப் பக்கத்தைப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தார்.

"என்ன, தனியாச் சிரிக்கிற?" என்றார்.

"நேராப் பிடிங்க" என்றேன்.