நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை

10 ஜூன் 2024, திங்கள்

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்கிறேன், மருமகள் மோனிகா எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகப் பேச்சாக மாற்றிவிடுகிறாள், போகட்டும். தினமும் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு என்று குறித்துவரச் சொன்னாராம் பொன்னேரி டாக்டர். குறிப்பு எதற்கு? கிறிஸ்துமஸுக்கு இரண்டு தட்டு பிரியாணி. பொங்கலுக்கு ஒரு தட்டு. ஈஸ்டருக்கு அரைத் தட்டு. இப்போது நாலு வாய். ஐந்தாவது வாய் நெஞ்சுக்குக் கீழே நின்றுவிடுகிறது. எல்லாம் மனதில் இருக்கிறது. டாக்டருக்குத் தாளில் இருந்தால்தான் நம்பிக்கை.

ஐந்து மாதமாக கேஸ் மாத்திரை. பெல்ட்டில் மூன்று ஓட்டை உள்ளே போயாச்சு. கேஸுக்கு ஆள் இப்படி இளைப்பானா?

13 ஜூன்

கேமரா குழாயை விழுங்கினேன். ஆறு இடத்தில் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். ரசம் சாதம், நாலு வாய்.

21 ஜூன்

ரிப்போர்ட் வந்தது. புற்று இல்லை, வெறும் புண்தானாம். மகன் பென்னி உடனே பாஸ்டருக்குப் போன் போட்டான். மோனிகா அழுதாள். அதை எழுதமாட்டேன் என்கிறாள் – எழுது. எனக்கும் சந்தோஷம்தான். மீன் குழம்பு வைக்கச் சொன்னேன். நாலு வாய்.

23 ஜூன், ஞாயிறு

எங்கள் சபையில் வியாதி நீங்கினால் எல்லார் முன்னும் நின்று சாட்சி சொல்ல வேண்டும். பாஸ்டர் மைக்கை நீட்டினார். "சாலமோன் ஐயா, கர்த்தர் செஞ்சத சொல்லுங்க."

எழுந்தேன். "ரிப்போர்ட்டுல ஒண்ணும் இல்லன்றாங்க. எனக்கு சோறு எறங்கல. எறங்கட்டும், அப்பால சொல்றேன்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் பென்னி பிடித்துக்கொண்டான். "இன்னா நைனா, மானத்த வாங்கிட்ட. கேன்சர் இல்லன்னா அவனவன் குதிப்பான். நீ அது இருக்கணும்னு ஆசப்பட்டுக்கினு கீற."

ஆசையா? எழுபத்தோரு வயதில் பொய்ச்சாட்சி சொல்ல முடியாது. அவ்வளவுதான்.

24 ஜூன்

பென்னி பேசவில்லை. கஞ்சி, மூன்று வாய்.

2 ஜூலை

பாதி இட்லியும் வாந்தி. பென்னியைக் கூப்பிட்டேன். "இன்னொரு தபா பாக்கணும்."

"அதான் ஆறு துண்டு எடுத்து பாத்தாங்களே நைனா."

கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் இருபத்தாறு வருஷம், வார்த்தெடுத்த காஸ்டிங்கைச் சுத்தியால் தட்டிப் பார்த்தவன் நான். மேலே வழவழவென்று இருக்கும். தட்டினால் மொத்தென்று சத்தம் வரும். உள்ளே பொத்தல். சூப்பர்வைசர் ஓகே போட்டதைக்கூட ஓரம் தள்ளியிருக்கிறேன்; உடைத்துப் பார்த்து வாய் மூடினார்கள்.

"மேலாக்க கிள்னா உள்ள இன்னாடா தெரியும்?" என்றேன்.

போனில் காலண்டரைத் திறந்து பார்த்தான். "அடுத்த செவ்வாக்கெழம லீவு போடறேன்" என்றான்.

9 ஜூலை, செவ்வாய்

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. லேடி டாக்டர். பழைய ரிப்போர்ட்டைப் படித்து ஓரமாக வைத்தார். "நீங்க சொல்லுங்க ஐயா." கிறிஸ்துமஸ் பிரியாணியிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு இடத்திலும் மறிக்கவில்லை. மறுபடி கேமரா. "காத்து ஊதினா இரைப்பை பலூன் மாதிரி விரியணும். உங்களுது விரியல, வெறப்பா இருக்கு."

சில புற்று மேல்தோலில் தெரியாதாம். அடியிலேயே பரவுமாம். மேலே கிள்ளினால் நல்ல சதைதான் வருமாம். அதனால் ஸ்கேன் வைத்த கேமராவை உள்ளே விட்டு, ஆழத்திலிருந்து சதை எடுத்தார்.

"அப்ப மொத டாக்டரு தப்பு பண்ணாரா?"

"இல்லய்யா. இது யாரையும் ஏமாத்தும்."

19 ஜூலை

புற்று இருக்கிறது.

பென்னி வராண்டாவிலேயே உட்கார்ந்துவிட்டான். "நீ சொன்னது நெசமா பூடுச்சே நைனா."

"அப்பவே நெசந்தான்டா. ஏந்துரு. வைத்தியம் எப்ப ஆரம்பிக்கறாங்கன்னு கேளு."

பயம் இருக்கிறது. அதையும் எழுது என்றேன்.

6 நவம்பர்

நாலு கீமோ முடிந்து, ஆபரேஷனும் ஆகிப் பதிமூன்று நாள். இரைப்பை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் இரண்டு நெறிகட்டிக்குப் பரவியிருந்ததாம். இன்னும் நாலு கீமோ பாக்கி. ஒரு நாளைக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டும்.

காலையில் ஒரு இட்லி வைத்தாள் மோனிகா. பாதிக்கு நாற்பது நிமிஷம் ஆனது. "போதும் மாமா, அப்பால பாத்துக்கலாம்" என்று தட்டை எடுக்க வந்தாள்.

"தட்ட வையிம்மா. மென்னுக்கினுதான் கீறேன்."